விதைத்த ஏக்கர்

டிசம்பர் இரண்டாம் வாரம்.
ஓக்லஹோமாவின் வடக்கு ஓரம்.
மைலுக்கொருமுறை சாலைகள்
ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் சமவெளியில்
முன்சீட்டில் படிவக்கட்டோடு போகிறேன்.

கேள்விகள் இரண்டுதான்:
குளிர்காலக் கோதுமை எத்தனை ஏக்கர் விதைத்தீர்கள்?
கனோலா எத்தனை?
பதில் எண்ணாக இருக்க வேண்டும்.
பெருமூச்சுக்குக் கட்டமில்லை.

ஹார்லன் யான்சென் நாய்க்கு முன்பே
படியிறங்கி வந்துவிட்டார்.
கையில் காபி. ஒரு காலில் மட்டும் பூட்ஸ்.
"போன வருசம் என்ன சொன்னேன்?"
அதை நான் சொல்லக் கூடாது, விதி.
அவரே சொல்லிக்கொண்டார்: கனோலா முந்நூற்றிருபது.
"இந்த வருசம் பூஜ்யம். நல்லா வட்டமாப் போடு."

கனோலா வாங்கிய கிடங்கு
ஜூலையில் மூடிவிட்டது.
அடுத்தது தொண்ணூறு மைல்.
கடுகைவிடச் சின்ன விதை,
லாரித் தட்டின் ஆணித்துளையிலும் நழுவிவிடும்.
"பதினோரு மைலுக்கே அரைச்சுருள் டேப் ஒட்டினேன்,
தொண்ணூறுக்கு எங்கே போவேன்?"

வெண்டா குபிசெக்
உருளை வைக்கோலை இறக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.
மாடுகள் கோதுமைக்குள் நின்று மேய்ந்தன.
பிப்ரவரிக் கடைசியில் ஒருநாள்
தண்டைக் கீறிப் பார்ப்பாள்;
உள்ளே முதல் வெற்றிடம் தெரிந்ததும்
மாடுகளை வெளியேற்றியாக வேண்டும்,
இல்லையேல் கதிர் இல்லை.

"கோதுமை அறுநூறு."
சென்ற ஆண்டு ஆயிரத்திருநூறு.
நான் நிமிர்ந்து பார்த்தது தெரிந்துவிட்டது.
"மீதிப் பாதி இப்போ அவன் படிவத்தில இருக்கும்" என்றாள்.
"வக்கீல்கள் அளந்தாங்க. சரியாத்தான் அளந்தாங்க."
பிறகு, கையுறையைக் கழற்றி, "எழுது,
கனோலா நூற்றறுபது. புதுசு."
ஏன் என்று படிவம் கேட்கவில்லை. நான் கேட்டேன்.
கோதுமை வேடத்தில் கோதுமைக்குள் நிற்கும் புல்லை
வேறெப்படிப் பிரிப்பது என்றாள்.
புல்லைத்தான் சொல்லியிருப்பாள்.

ஜனவரியில் அறிக்கை வந்தது.
மாநிலத்தில் கோதுமை கிட்டத்தட்ட மாற்றமில்லை.
ஒரு வீடு இரண்டானதை
கூட்டல் மறுபடி ஒன்றாக்கிவிட்டிருந்தது.
கனோலா வரிசையில் ஓர் இறக்கம்.
அதற்குள் எங்கோ ஹார்லனின் வட்டம் உருள்கிறது;
கடைசி மூன்று இலக்கங்களை
முழுமையாக்கித்தான் அச்சிடுவார்கள்.

ஏப்ரலில் வேறு வேலையாக அதே சாலை.
ஹார்லனின் கோதுமை முழங்கால் உயரம்.
பச்சைக்குள் திட்டுத் திட்டாக மஞ்சள்:
அறுவடையில் உதிர்ந்தது,
விதைக்காமலே முளைத்தது.
இன்று இரண்டு காலிலும் பூட்ஸ் போட்டு
வேலியருகே நின்றிருந்தார்.
"மருந்தடிச்சிருக்கணும்.
இலையுதிர்காலத்திலேயே அடிச்சிருக்கணும்" என்றார்.
தேனீக்களின் இரைச்சலில்
அவர் அடுத்துச் சொன்னது கேட்கவில்லை.
"இதை எந்தக் கட்டத்தில போடுவே?"
இப்போது கையில் படிவமே இல்லை என்றேன்.
டிசம்பரிலும் விதைத்ததைத்தான் கேட்பார்கள்.

வண்டியைக் கிளப்பினேன்.
மஞ்சள் வயலோடு நிற்கவில்லை.
கேட்டைத் தாண்டி வெளியே வந்து
சாலையோரப் பள்ளத்தில் ஒற்றை வரிசையாய் ஓடியது.
தேவாலயத் திருப்பத்தில் அடர்ந்து,
ரயில் தண்டவாளம் வண்டியைக் குலுக்கும் இடத்தில்
ஒரு பிடி அள்ளிப் போட்டதுபோல் கொத்தாகி,
டேப் ஒட்டாத ஏதோவொரு துளை
போன ஜூனில் எழுதிய பாதை.

எண்ணிப் பழகிய கண், எண்ணத் தொடங்கிவிட்டது.
நூற்றுநாற்பதில் காற்று குறுக்கே வந்தது.
வரிசை மட்டும் விடவில்லை,
பதினோரு மைலும் கூடவே வந்து
பூட்டிய கிடங்கின் எடைமேடையில் ஏறி
இரும்புத் தகட்டின் இடுக்கில்
ஒரே ஒரு செடியாய்
பூத்து நின்றது,
எடை போட ஆளில்லாமல்.